"முன்பு சிகிச்சை உண்டா?" என்ற ஒரு கட்டம் போதாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஏற்கெனவே காசநோய்க்குச் சிகிச்சை எடுத்து மறுபடியும் நோயோடு வருகிறவர்களில், யாருக்கு மருந்துக்குக் கட்டுப்படாத வகை இருக்கலாம் என்று முன்கூட்டியே கணிக்கும் மதிப்பெண் முறைகள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வயது, சர்க்கரை நோய், எக்ஸ்ரேயில் தெரியும் குழி, பழைய சிகிச்சை என்று ஒவ்வொன்றுக்கும் இத்தனை மதிப்பெண் எனப் போட்டுக் கூட்டினால் ஆபத்தின் அளவு கிடைத்துவிடும் என்கிறார் கட்டுரையாளர். கூட்டலில் எனக்குச் சண்டையில்லை. இருபத்தெட்டு வருடம் சளிப் பரிசோதனை செய்த ஆய்வக நுட்புநர் நான். கூட்டுவதற்குக் கொடுக்கிற விவரம் எந்த லட்சணத்தில் வந்து சேர்கிறது என்பதுதான் என் கவலை.

ஒருவர் சளி டப்பாவோடு வந்தார். நாற்பது வயதிருக்கும். பரிசோதனைப் படிவத்தில் 'முன்பு காசநோய் சிகிச்சை' என்ற இடத்தில் 'இல்லை' என்று டிக் போட்டிருந்தது. கண்ணாடித் துண்டைச் சாயமேற்றிப் பார்த்தால் கிருமி மொய்க்கிறது. ஆள் மெலிந்திருந்த விதத்தைப் பார்த்தால் புது நோயாகத் தெரியவில்லை. "ஐயா, எப்போதாவது மாத்திரை சாப்பிட்டு சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதுண்டா?" என்று கேட்டேன். உடனே சொன்னார்: "ஆமாம், மூணு வருஷத்துக்கு முன்னால். நாலு மாசம் அப்படித்தான் போச்சு. இருமல் நின்னதும் விட்டுட்டேன். அது சளிக்குக் கொடுத்த மாத்திரை, டி.பி. இல்லை." காசநோய்க்குக் கொடுக்கும் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் அந்த நிறத்தில்தான் போகும். (சத்து மாத்திரையின் மஞ்சள் வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.) அவர் பொய் சொல்லவில்லை. அவரிடம் யாரும் நோயின் பெயரைச் சொல்லவில்லை, அல்லது சொன்னது மனதில் நிற்கவில்லை. டிக்கை அடித்து 'ஆம்' என்று திருத்தினேன். அந்த ஒரு திருத்தம் இல்லாவிட்டால் எந்த மதிப்பெண் முறையும் அவரைப் 'புது நோயாளி' என்றுதான் எண்ணியிருக்கும்.

உலக சுகாதார நிறுவனத்தின் அண்மைக்கால மதிப்பீடுகளில், புதிதாக நோய் வந்தவர்களில் சுமார் 3 சதவீதம் பேருக்கும், முன்பு சிகிச்சை எடுத்தவர்களில் 16, 17 சதவீதம் பேருக்கும் ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படாத காசநோய் இருக்கிறது. அதனால்தான் 'முன்பு சிகிச்சை' என்பது எல்லாக் கணிப்புகளிலும் முதல் வரியில் நிற்கிறது. சரி, ஆனால் அந்த ஒரே சொல்லுக்குள் மூன்று வகை மனிதர்கள் இருக்கிறார்கள். மருந்தை முழுதாக முடித்துக் குணமாகி, சில வருடம் கழித்துத் திரும்ப வந்தவர் ஒருவர். பாதியில் விட்டுவிட்டுப் போனவர் இன்னொருவர். ஒழுங்காக மருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ஐந்தாம் மாதச் சளியிலும் கிருமி தெரிகிறவர் மூன்றாமவர். கடைசி ஆளுக்குத்தான் ஆபத்து மிக அதிகம். மூவருக்கும் ஒரே 'ஆம்' போட்டு ஒரே மதிப்பெண் கொடுக்கிற முறை, இருக்கிற விஷயத்தில் பாதியைக் கீழே கொட்டிவிடுகிறது.

ஏன் இப்படி என்பதைக் கட்டுரை தொடாமல் விட்டுவிட்டது. காசநோய்க் கிருமிகளில் பத்து லட்சத்தில் ஒன்று தற்செயலாக இன்னொரு முக்கிய மருந்தான ஐசோனியசிட்டுக்கு அடங்காததாகப் பிறக்கிறது. ரிஃபாம்பிசினுக்கு அது பத்துக் கோடியில் ஒன்று. நுரையீரலில் குழி விழுந்தவரிடம் கோடிக்கணக்கில் கிருமி இருக்கும். எனவே இரண்டுக்கும் தனித்தனியே அடங்காதவை அங்கே ஏற்கெனவே இருக்க வாய்ப்புண்டு. நாலு மருந்தைச் சேர்த்துக் கொடுக்கும்வரை ஒன்றுக்குத் தப்பியதை மற்றது பிடித்துவிடும். இடையில் ஒன்று நின்றாலோ, ஏற்கெனவே ஒன்று வேலை செய்யாமல் இருந்தாலோ, தப்பியவை மட்டும் பெருகும். குழியின் அளவு மதிப்பெண்ணில் சேர்வதற்குக் காரணம் இதுதான்.

இதே தவற்றைச் சிகிச்சையிலேயே நெடுங்காலம் செய்தோம். நோய் திரும்ப வந்தவர்களுக்குப் பழைய நாலு மருந்தோடு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி ஒன்றை மட்டும் சேர்த்து எட்டு மாதம் கொடுத்தார்கள். தோற்றுப்போன மருந்துக் கூட்டில் ஒரே ஒரு புது மருந்தைச் சேர்ப்பது, அந்தப் புது மருந்தையும் கிருமிக்குப் பழக்கிவிடுவதுதான். 2017-இல் உலக சுகாதார நிறுவனம் இனி அப்படிக் கொடுக்க வேண்டாம், எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று பார்க்கும் மருந்துணர்வுச் சோதனை செய்து முடிவெடுங்கள் என்று சொன்னது. 'முன்பு சிகிச்சை எடுத்தவர்' என்ற ஒரே அடையாளத்தை வைத்து எல்லாரையும் ஒரே வண்டியில் ஏற்றியதன் பலன் அது. மதிப்பெண் முறையும் அசந்தால் அந்த வண்டியாகத்தான் ஓடும்.

இன்னொன்று. பழைய சிகிச்சைதான் எதிர்ப்பை, அதாவது மருந்துக்குக் கட்டுப்படாத தன்மையை, உண்டாக்கியது என்ற எண்ணமே முழுச் சரியில்லை. எதிர்ப்புள்ள கிருமியையே வேறொருவரிடமிருந்து வாங்கிக்கொண்டவர்களும் ஏராளம். கிருமியின் மரபணு வரிசையை ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வுகள் இதைத் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. மாத்திரையை ஒரு நாள்கூடத் தவறவிடாதவரும் வீட்டில் ஒருவர் இருமியதால் மாட்டிக்கொள்ளலாம். ஆகவே 'வீட்டில் யாருக்காவது எதிர்ப்புள்ள காசநோய் இருந்ததா' என்பது மதிப்பெண்ணில் கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால், 'நீ ஒழுங்காகச் சாப்பிடவில்லை' என்ற பழிதான் நோயாளி தலையில் விழும். அதை நிறையவே கேட்டிருக்கிறேன்.

கணக்குக்கு வருகிறேன். முன்பு சிகிச்சை எடுத்த 1,000 பேரில் 160 பேருக்கு எதிர்ப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு மதிப்பெண் முறை எதிர்ப்பு உள்ளவர்களில் 80 சதவீதத்தைப் பிடிக்கும், இல்லாதவர்களில் 75 சதவீதத்தைச் சரியாக விலக்கும் என்றால், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அது 128 பேரைப் பிடிக்கும். கூடவே எதிர்ப்பு இல்லாத 210 பேரையும் 'ஆபத்து' என்று காட்டும். 'ஆபத்து' என்று வந்த 338 பேரில் உண்மையில் எதிர்ப்பு உள்ளவர்கள் பத்தில் நாலு பேருக்கும் குறைவு. மிச்சம் 32 பேர் 'ஆபத்து குறைவு' என்ற சீட்டோடு வீட்டுக்குப் போவார்கள், கிருமிக்கு உறைக்காத மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டு, வீட்டாருக்கு இருமிக்கொண்டு. அப்புறம், ஓரிடத்தில் சரிபார்த்த முறை இன்னோரிடத்தில் அப்படியே பொருந்தாது. சோவியத் ஒன்றியத்திலிருந்து பிரிந்த சில நாடுகளில் முன்பு சிகிச்சை எடுத்தவர்களில் பாதிக்கு மேல் எதிர்ப்பு இருக்கிறது. அங்கே தயாரித்த மதிப்பெண்ணை மற்ற இடத்தில் போட்டால் எல்லாமே மாறிவிடும்.

அதனால் மதிப்பெண் வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் சொன்னவருக்கு, சளியிலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் வளர்ப்புச் சோதனையின் முடிவு வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. அதற்குள் சாதாரண மருந்தையே சாப்பிட்டார். முடிவில் இரண்டு முக்கிய மருந்துக்கும் எதிர்ப்பு. அந்த நாளில் நல்ல மதிப்பெண் முறை ஒன்று கையில் இருந்திருந்தால் அவரை முதல் நாளே தனியாகக் கவனித்திருக்கலாம். 2010 கடைசியில் உலக சுகாதார நிறுவனம் ஒப்புதல் கொடுத்த, எக்ஸ்பர்ட் என்ற கருவிச் சோதனை இரண்டு மணி நேரத்துக்குள் ரிஃபாம்பிசின் எதிர்ப்பைச் சொல்லிவிடுகிறது. கருவி இருக்கும் இடத்தில் மதிப்பெண் பார்த்து யாருக்குச் சோதனை என்று தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை, எல்லாருக்கும் செய்துவிடலாம். சோதனைக்கு வரிசை நீளும் இடத்தில் யாரை முதலில் அனுப்புவது, ரிஃபாம்பிசின் சரியாக இருந்தும் ஐசோனியசிட்டுக்கு எதிர்ப்பு இருக்குமோ என்று யாருக்கு மேற்கொண்டு பார்ப்பது என்பதற்கு மதிப்பெண் உதவும். சோதனையை மறுப்பதற்கான காரணமாக மட்டும் அது ஆகிவிடக் கூடாது.

எக்ஸ்பர்ட்டிலும் பழைய நோயாளிகளிடம் ஒரு சிக்கல் உண்டு. அது தேடுவது கிருமியின் மரபணுவை. சிகிச்சை முடிந்து சில வருடம்வரைகூடச் செத்த கிருமியின் மிச்சம் சளியில் வரலாம். கருவி 'இருக்கிறது' என்று சொல்லிவிடும். அங்கே எப்போது மருந்து முடித்தார் என்ற தேதி தெரிந்தால்தான் முடிவைப் படிக்க முடியும். மறுபடியும் பழைய கதை கேட்கும் இடத்துக்கே வந்து நிற்கிறோம்.

இந்தத் தலைப்பில் அடுத்த கட்டுரை வெளியிட்டால், மதிப்பெண் அட்டவணையோடு சளி வாங்கும் மேஜையில் கேட்க வேண்டிய கேள்விகளையும் சேர்த்துப் போடுங்கள். எத்தனை மாதம் சாப்பிட்டீர்கள், யார் நிறுத்தச் சொன்னது, கடைசிச் சளிப் பரிசோதனையில் என்ன வந்தது, வீட்டில் வேறு யார் இருமினார்கள். கூடவே அந்த ஆரஞ்சு நிறக் கேள்வியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர் ஒருவர்