கடிகாரத்தடியில் காத்திருந்த இரண்டு மணி நேரம்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

பத்திரமாக வீடு வந்து சேர்ந்தேன். ஸ்பெயினில், உன் சலமங்கா ஊரில் கடைசி நாளன்று வகுப்பு முடியத் தாமதமாகிவிட்டது என்று நீ அவ்வளவு வருத்தப்பட்டாயே, அதனால்தான் இந்தக் கடிதம். ஊர்ச் சதுக்கமான பிளாசா மாயோரில் இரண்டு மணி நேரம் நின்றது எனக்குக் கொஞ்சமும் பாரமாக இல்லை அம்மா. அந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் கடிகாரத்தடியில்தானே சந்திக்கிறார்கள்? அவர்களோடு நானும் நின்றேன்.

முப்பது வருஷம் கட்டட வேலை பார்த்தவன், கை கால் சும்மா இருக்குமா? காலடி வைத்து அளந்தேன். பார்வைக்குத்தான் சதுரம், நாலு பக்கமும் ஒரே அளவு இல்லை! 1729-இல் ஆல்பெர்த்தோ தெ சுரிகெரா தொடங்கிய வேலை அது. இரண்டு பக்கம் எழும்பியதும், மற்றப் பக்கத்து வீட்டுக்காரர்களோடு தகராறாகி வருஷக்கணக்கில் நின்றுபோனது. 1755-இல்தான் முடிந்தது. வடக்கே நகரசபைக் கட்டடம் வேறொருவர் கைவேலை, ஆந்த்ரெஸ் கார்சியா தெ கின்யோனெஸ். ஆள் மாறியும் 88 வளைவுகளில் ஒட்டுப்போட்ட இடம் தெரியவில்லை. அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

அந்தக் கல்லைத்தான் மறக்க முடியவில்லை. பக்கத்து வில்யமயோரில் வெட்டிய மணற்கல். குவாரியிலிருந்து வந்த புதிதில் ஈரத்தோடு மெத்தென்று இருக்கும், உளிக்கு வழிவிடும். காயக் காய இறுகும். அதிலுள்ள இரும்புதான் நாள்பட நாள்படப் பொன்னிறமாகிறது. ஒரு தூணில் உள்ளங்கையை வைத்தேன். வெயில் இறங்கியும் சூடு போகவில்லை. விரலில் மஞ்சள்தூள் போல மெல்லிய மணல் ஒட்டியது.

வளைவுகளுக்கு நடுவே வட்டம் வட்டமாக முகங்கள்: ராஜாக்கள், எழுத்தாளர் செர்வாந்தெஸ், புனிதர் அவிலா தெரசா; தெற்கே கொலம்பஸ், அமெரிக்க நாடுகளைப் பிடித்த கோர்த்தெஸ், பிசாரோ. சர்வாதிகாரி பிராங்கோவின் முகத்தை 2017-இல் எடுத்துவிட்டார்கள், சரியான காரியம். இன்னும் யாரையும் செதுக்காத வட்டங்களும் இருக்கின்றன, பார்த்திருக்கிறாயா?

நீ பையை ஒரு தோளில் தொங்கவிட்டு வளைவுக்குள்ளிருந்து ஓடி வந்த நேரத்தில்தான் விளக்குப் போட்டார்கள். சுற்றிலும் கல் அத்தனையும் ஒரே நொடியில் பொன்னாயிற்று. நீ "சாரிப்பா, சாரிப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்ததில் அதைப் பார்க்கவே இல்லை. ஒருநாள் புத்தகத்தை மூடிவிட்டு அந்த நேரத்துக்குப் போய் நில். அப்புறம் எனக்கு ஃபோன் பண்ணு.

அன்புடன்,
அப்பா