மாவுக்கட்டோடு ஒரு கேரேஜ் ராக் இரவு: ஒரு நன்றி மடல்

அனைவருக்கும் வணக்கம்.

போன சனிக்கிழமை ராத்திரி டெட்ராய்ட் பக்கத்து ஹாம்ட்ராமிக்கில், ஒரு மதுக்கூடத்தில் நான்கு குழுக்கள் வாசித்த கேரேஜ் ராக் கச்சேரிக்குப் போனேன். இடது காலில் மாவுக்கட்டு, இரண்டு கக்கத்திலும் ஊன்றுகோல். அப்படியும் கடைசிப் பாட்டு வரை இருந்து கேட்டேன் என்றால் அதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை. எல்லாம் அடுத்தவர்கள் கொடுத்தது. அந்த மதுக்கூடத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் போட்டாயிற்று. ஆனால் நம்மவர்கள் இருவர் இல்லாமல் நான் வீட்டு வாசலையே தாண்டியிருக்க மாட்டேன். அதனால் இந்த மடல் தமிழில்.

டிக்கெட் வாங்கிய பிறகுதான் வீட்டு முன்னால் உறைபனியில் வழுக்கி விழுந்தேன். மிச்சிகன் குளிர்காலத்தில் இதெல்லாம் ஒரு செய்தியே இல்லை. டிக்கெட் வீணாக வேண்டாமே என்று அலுவலகத்தில் கூட வேலை செய்யும் தம்பியிடம் "நீங்க போறீங்களா?" என்று கேட்டேன். "அண்ணே, கட்டு கால்லதானே, காதுல இல்லையே? நான் வண்டி எடுத்துட்டு வர்றேன், நீங்க கிளம்புங்க" என்றார். அவருக்கும் இந்த இசைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இன்னொரு டிக்கெட்டையும் அவரே வாங்கிக்கொண்டார்.

மனைவிக்கு அன்று இரவுப் பணி. மகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று பக்கத்து வீட்டு அக்கா தானாகவே வந்து சொன்னார். "அவ இங்கயே தூங்கட்டும், நீங்க அவசரமா ஓடிவர வேண்டாம்" என்று சொல்லி, ஒரு டப்பாவில் எலுமிச்சை சாதமும் கொடுத்தனுப்பினார். நாங்கள் இருக்கும் ட்ராய் ஊரிலிருந்து ஐ-75 நெடுஞ்சாலையில் இறங்கி ஹாம்ட்ராமிக் போய்ச் சேர்வதற்குள் டப்பா காலி. அக்கா, டப்பா பத்திரமாக இருக்கிறது.

ஹாம்ட்ராமிக் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏறக்குறைய நான்கு பக்கமும் டெட்ராய்ட் சூழ்ந்திருக்க, நடுவில் தனி நகராட்சியாக உட்கார்ந்திருக்கும் சின்ன ஊர் அது. டாட்ஜ் கார் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்த போலந்துக்காரர்கள் நிரம்பியிருந்த இடம். அந்தத் தொழிற்சாலை 1980ல் மூடப்பட்டது. இப்போது யேமன்காரர்களும் வங்கதேசத்துக்காரர்களும் நிறையப் பேர் வாழ்கிறார்கள். வாடகை குறைவு என்பதால் இசைக்காரர்களும் அங்கே ஒதுங்கினார்கள்.

கேரேஜ் ராக் என்பது 1960களில் அமெரிக்கப் பையன்கள் வீட்டு கார் ஷெட்டில் கூடி அடித்த இசை. மூன்றே மூன்று கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டு), மலிவான கிட்டார், ஒலியை வேண்டுமென்றே கரகரக்க வைக்கும் ஃபஸ் பெடல், அவ்வளவுதான். மிச்சிகனுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. பே சிட்டி, சாகினா பக்கத்து மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகள் சேர்ந்த 'கொஸ்டின் மார்க் அண்ட் தி மிஸ்டீரியன்ஸ்' குழு 1966ல் ஒரே பாட்டில் அமெரிக்கப் பட்டியலின் முதலிடத்துக்குப் போனது. எம்சி5 என்ற குழு தன் முதல் ஆல்பத்தை 1968 அக்டோபர் கடைசியில் டெட்ராய்ட்டின் கிராண்டி பால்ரூமில் கூட்டத்துக்கு முன்னாலேயே பதிவு செய்தது. 1986ல் வந்த கோரீஸ் குழுவில், அடித்தள ஒலி தரும் பேஸ் கிட்டாரே கிடையாது. 1997ல் வந்த ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் குழுவில் இரண்டே பேர். ஆள் குறையக் குறையச் சத்தம் கூடும் என்பது இந்த ஊரின் கண்டுபிடிப்பு என்றே நினைக்கிறேன். அன்று இரண்டாவதாக வந்த குழுவிலும் இரண்டே பேர்தான். சுவர் அதிர்ந்தது.

சரி, நன்றிக்கு வருகிறேன்.

அந்த மதுக்கூடத்தில் கச்சேரி நடக்கும் அறையில் நாற்காலி கிடையாது. இது நின்று கேட்கிற இசை. வாசலில் டிக்கெட் பார்த்துக் கையில் முத்திரை குத்தும் பெண்மணிக்கு மட்டும் உயரமான ஸ்டூல் ஒன்று உண்டு. என் ஊன்றுகோலைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் அதைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் மேசைக்குப் பக்கத்தில் போட்டுவிட்டுத் திரும்பிப் போனவர், பிறகு ராத்திரி முழுக்க நின்றுகொண்டேதான் வேலை பார்த்தார்.

மிக்சரில் இருந்த சவுண்ட்காரருக்கும் நன்றி. இப்படிச் சின்ன அறைகளில் கிட்டார் சத்தம் மேடையிலுள்ள ஆம்ப்பிலிருந்தே (கிட்டாரின் ஒலிபெருக்கிப் பெட்டி) நேராக வந்துவிடும். ஸ்பீக்கர்களில் பெரும்பாலும் பாடுபவரின் குரல்தான். முன்வரிசையில் கிட்டார் காதை அறையும், குரல் எங்கோ கேட்கும். இரண்டும் சமமாக வந்து சேருமிடம் மிக்சர் பக்கம்தான். அந்த இடத்தை எனக்கு விட்டுக்கொடுத்ததோடு, வெறும் காதோடு நின்ற தம்பிக்குப் பஞ்சு அடைப்பான்களும் எடுத்துக் கொடுத்தார். 100 டெசிபல் சத்தத்தில் 15 நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இங்கே தொழிலாளர் பாதுகாப்புக்குச் சொல்லும் கணக்கு. நாங்கள் இருந்தது நள்ளிரவு தாண்டி.

அப்புறம் அந்த டிரம்ஸ்காரப் பெண். ஒரே மேடையில் நான்கு குழு என்றால், ஆளுக்கொரு டிரம்ஸைப் பூட்டிக் கழற்றுவதற்குள் விடிந்துவிடும். அதனால் ஒருவருடைய டிரம்ஸ் மட்டும் கடைசிவரை மேடையிலேயே இருக்கும். மற்றவர்கள் ஸ்நேர் என்ற சின்ன டிரம், சிம்பல் என்ற உலோகத் தட்டு, கால் பெடல் மட்டும் கொண்டுவந்து மாட்டிக்கொள்வார்கள். பதினைந்து இருபது நிமிடத்தில் அடுத்த குழு தயார். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் காசு சேர்த்து வாங்கிய தன் டிரம்ஸை இன்னும் மூன்று பேர் போட்டு அடிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பது லேசில்லை. அன்று கொடுத்தவர் கடைசிக் குழுவின் டிரம்ஸ்காரி. கொடுத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். காலைத் தொங்கப்போடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதை எப்படித்தான் கண்டுபிடித்தாரோ, டிரம்ஸ் வந்த காலிப் பெட்டியை இழுத்து என் காலுக்கு முட்டுக் கொடுத்தார். யாரோ ஒருவர் குதிகாலுக்கு அடியில் தன் கம்பளித் தொப்பியைச் சுருட்டி வைத்தார்.

மூன்றாவது குழுவின் டிரம்ஸ்காரர் அடித்த அடியில் பெரிய டிரம் அங்குலம் அங்குலமாக முன்னால் நகர ஆரம்பித்தது. வழக்கமாக இதற்கு ஒரு கல்லை முட்டுக் கொடுப்பார்கள். அன்று கல் இல்லை. அந்தப் பெண் சுற்றிலும் பார்த்தார், பார்வை தம்பி மேல் நின்றது. ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்றேனே, அதே தம்பி மேடையில் ஏறி, டிரம்முக்கு முதுகைக் கொடுத்து, கூட்டத்தைப் பார்த்தபடி சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்! அந்தக் குழு முடிக்கும்வரை எழுந்திருக்கவே இல்லை. ஒவ்வொரு அடிக்கும் உடம்பு குலுங்கியது. முகத்தில் மட்டும் பரமசாந்தம். வந்த கைதட்டலில் பாதி அவருக்குத்தான் என்று சத்தியம் செய்வேன்.

அதே நேரத்தில் கீழே குதிப்பும் இடிப்பும் உச்சத்தில் இருந்தன. தோல் ஜாக்கெட் போட்ட மூன்று நான்கு பேர் என் கட்டைப் பார்த்துவிட்டு, என் பக்கம் முதுகைத் திருப்பி வரிசையாக நின்றுகொண்டார்கள். முரட்டு ஆட்டம்தான், ஆனால் கீழே விழுந்தவரைத் தூக்காமல் ஒருவரும் அடுத்த அடி வைக்கவில்லை. நம் ஊர்த் திருவிழாக் கூட்டங்களில் இந்த ஒழுங்கைப் பாதியாவது பார்த்தால் சந்தோஷப்படுவேன்.

முதலில் வாசித்த இளைஞர்களுக்குத் தனியாக ஒரு நன்றி. ஓஹியோவின் டொலீடோவிலிருந்து ஓட்டி வந்து, பாதி காலியாக இருந்த அறைக்கு, முழு அறைக்கும்போலவே வாசித்தார்கள். அந்த நான்கு குழுக்களில் எனக்குப் பிடித்தது அவர்களைத்தான்.

வெளியே வந்தபோது பனி கொட்டிக்கொண்டிருந்தது. திறந்திருந்த ஒரு யேமன் தேநீர்க் கடைக்காரர், நான் இறங்க முடியாமல் இருப்பதைக் கண்ணாடி வழியே பார்த்து, ஏலக்காய் மணக்கும் ஏடன் சாயாவைக் காருக்கே கொண்டுவந்து கொடுத்தார். அவருக்கும் நன்றி.

கடைசியாக ஒன்று. அந்தக் கருநீலக் கம்பளித் தொப்பி என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. துவைத்து வைத்திருக்கிறேன். வரும் சனிக்கிழமை தம்பி அதை வாசலில் இருக்கும் பெண்மணியிடம் ஒப்படைப்பார். அன்று யார் வாசிக்கிறார்கள் என்று இப்போதே என்னிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

மிக்க நன்றியுடன்,
ட்ராயிலிருந்து ஒரு ரசிகன்