எங்கே பிரிப்பது, எங்கே அழுத்துவது

அன்பு யாழினிக்கு,

டச்சு வகுப்பில் நீ சரியாகவே வாசித்தும் டீச்சர் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்கிறாராம், அம்மா சொன்னாள். மனசு விட்டுவிடாதே. தமிழ் பேசும் நாம் எல்லா அசைகளையும் ஏறக்குறைய ஒரே கனத்தில் சொல்லிப் பழகியவர்கள். டச்சுக்காரர்களின் காதோ அழுத்தம் எங்கே விழுகிறது என்று தேடும். அது இடம் மாறினால், தெரிந்த சொல்லே அவர்களுக்குப் பிடிபடாது.

கூட்டுச் சொல்லில் பெரும்பாலும் முதல் சொல்தான் ஓங்கும். படுக்கையறைக்கு 'ஸ்லாப்காமெர்': 'ஸ்லாப்' பலமாக, 'கா' அதைவிடத் தணிந்து.

ஆனால் எங்கே பிரிப்பது என்று தெரிந்தால்தானே அழுத்த முடியும்? கடையில் 'கெர்ஸ்டோமாட்யெஸ்' என்று எழுதியிருப்பார்கள். 'கெர்ஸ்' தனி, 'டோமாட்யெஸ்' தனி என்றால் செர்ரித் தக்காளி. 'கெர்ஸ்ட்' என்று நிறுத்தி 'ஓமாட்யெஸ்' என்றாலோ கிறிஸ்துமஸ் பாட்டிகள்! எழுத்து ஒன்றுகூட மாறவில்லை. முதல் அழுத்தம் இரண்டிலும் 'கெர்ஸ்' மேல்தான். அடுத்த தட்டு தக்காளியில் 'மா' மேலும் பாட்டியில் 'ஓ' மேலும் விழும். நம் பிரிமொழிச் சிலேடையேதான்.

மெய்மேல் உயிர் ஏறுவது நமக்கு இயல்பு என்பதால் இங்கே கொஞ்சம் கவனம் வேண்டும். ஆனாலும் உருளைக்கிழங்கை அவர்களே வரி முடிவில் 'ஆர்ட்-அப்பெல்' என்று பிரித்து எழுதிவிட்டு, வாயால் 'ஆர்-டப்பெல்' என்றுதான் சொல்கிறார்கள். பழகித் தேய்ந்த சொல் அல்லவா! வரி முடிவில் எங்கே பிரிப்பது என்ற சந்தேகம் வந்தால், டச்சு மொழி ஒன்றியத்தின் சொற்பட்டியலைப் பார். பச்சைப் புத்தகம் என்பார்களே, அதுதான். இணையத்திலும் இருக்கிறது.

வினைச்சொற்களில் இன்னும் கவனமாக இரு. 'வோர்கோமென்' என்பதில் 'வோர்' ஓங்கினால் 'நிகழ்வது'. 'கோ' ஓங்கினால் 'தடுப்பது'. முன்னொட்டில் அழுத்தம் விழுந்தால் வாக்கியத்தில் அது பிரிந்து கடைசிக்குப் போகும்: 'ஹெட் கொம்ட் வோர்', அதாவது 'அது நிகழ்கிறது'. தடுப்பது என்ற பொருளில் பிரியவே பிரியாது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதி இலக்கணம் கைக்கு வந்துவிடும்.

முதல் சொல்தான் ஓங்கும் என்ற விதிக்கு அடங்காதவையும் உண்டு. மேயருக்கான 'பெர்கெமேஸ்டெர்' என்பதில் 'மேஸ்' ஓங்கும். ஆம்ஸ்டர்டாமில் 'டாம்' ஓங்கும். அடுத்த வாரம் முகவரி பதியப் போகிறாய் அல்லவா, வழி கேட்கும்போது நகர மன்றத்துக்கான 'ஸ்டட்ஹௌஸ்' என்பதில் 'ஹௌஸ்' மேல் அழுத்திக் கேள். போய் வந்ததும் எனக்கு ஒரு போன் பண்ணு.

அன்புடன்,
அப்பா