ஆயுள் நீட்டும் குளிசைகள்: தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவருக்கும் அதிகாரசபை உறுப்பினர்களுக்கும்,

மனிதர் 120 வயது வரை வாழலாமா, வாழ வேண்டுமா என்ற விவாதம் மேடைகளில் நடக்கட்டும். கொழும்பில் அது ஏற்கெனவே பாமசிக் கவுன்டருக்கு வந்துவிட்டது. சீனி வருத்தம் இல்லாதவர்கள், ஆயுள் கூடும் என்று யூரியூப் பார்த்துவிட்டு, சீனி வருத்தக் குளிசையான மெட்போமின் கேட்கிறார்கள். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வரும் பிள்ளைகளின் பயணப்பையில் அம்மாவுக்கென்று, இளமை காக்கும் என்று விற்கப்படும் என்.எம்.என். என்ற சப்ளிமென்ட் போத்தல் வருகிறது. நிறம் வெளுக்கக் குளுதாதையோன் சேலைன் ஏற்றும் வியாபாரம் எந்தப் பாதையால் உள்ளே வந்ததோ, அதே பாதையால் 'இளமைச் சேலைனும்' வரும். அதற்கு முன்னர் உங்களிடம் சில விடயங்களைச் சொல்லிவைக்கிறோம்.

ஆயுளை நீட்டுவதை எதிர்ப்பவர்கள் அல்லர் நாங்கள். 'இயற்கைக்கு விரோதம்' என்ற வாதம் இந்த நாட்டில் எடுபடாது. 1946இல் 50ஐக்கூட எட்டாத எங்கள் சராசரி ஆயுள் இன்று 75ஐத் தாண்டி நிற்கிறது. மலேரியா ஒழிப்பு, குடும்பநல மருத்துவமாது, தடுப்பூசி, காசு வாங்காத அரச ஆஸ்பத்திரி ஆகியவற்றால் வந்த ஆயுள் அது. பணக்காரர் வாழும் கறுவாத்தோட்டத்துக்கு ஒரு அளவு, சாதாரண சனம் வாழும் கொட்டாஞ்சேனைக்கு ஒரு அளவு என்று யாரும் அதை விற்கவில்லை. இப்போது வரும் ஆயுள் போத்தலுக்கு இவ்வளவு என்று விலையோடு வருகிறது. எங்கள் கண்ணில் அறச்சிக்கலே அதுதான்.

சட்டத்தில் உள்ள ஓட்டையைப் பாருங்கள். மருந்து பதிவாவது ஒரு நோய்க்கு. முதுமை நோயல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் 11ஆவது நோய் வகைப்பாட்டில் 'முதுமை' என்ற தலைப்பைச் சேர்க்கப் பார்த்தார்கள். முதியவரின் எந்த வருத்தத்தையும் 'வயசுக் கோளாறு' என்று எழுதிக் கைவிட அது வழிவகுக்கும் என்று கண்டனம் எழுந்ததால், 2022இல் வகைப்பாடு நடைமுறைக்கு வந்தபோது அந்தத் தலைப்பு இல்லை. நல்ல முடிவுதான். ஆனால் ஆயுளுக்கென்று ஒரு மருந்தைப் பதிவுசெய்ய வழியில்லாதபோது, விற்பவர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்: வேறு நோய்க்குப் பதிவான மருந்தை எடுத்துக் கொடுக்கிறார், அல்லது 'சப்ளிமென்ட்' என்று பெயர் வைக்கிறார். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் மருந்துக்கும் உணவுக்கும் இடைப்பட்ட பொருட்களையும் உங்கள் கையில்தான் தந்திருக்கிறது.

ஆயுளை நீட்டும் என்று பேசப்படும் மருந்துகளில் அதிகம் பயப்பட வேண்டியது ராபமைசினுக்கு. சிரோலிமஸ் என்ற பெயரில் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களுக்கு நோயெதிர்ப்பை அடக்கக் கொடுக்கும் அதே மருந்து. 2009இல் வெளியான ஆய்வில், 600 நாள் வயதான சுண்டெலிகளுக்கு உணவோடு கொடுத்தபோது, நூற்றில் தொண்ணூறு எலிகள் இறக்கும் வயது பெண்ணில் 14 வீதமும் ஆணில் 9 வீதமும் தள்ளிப்போனது. நம்பிக்கை முழுவதும் அங்கிருந்து வந்தது. மனித ஆயுளை அது நீட்டியதாக ஒரு ஆய்வும் இல்லை. உடலில் அதன் அளவு பாதியாகக் குறையவே ஏறத்தாழ 62 மணித்தியாலம் செல்லும். ஈரலில் அதை உடைக்கும் நொதியைக் கிளரித்ரோமைசினும் பூஞ்சண மருந்தான ஃபுளுகொனசோலும் தடுக்கின்றன. ஆகவே தடிமனுக்கும் தோல் படைக்கும் வாங்கிப் போடும் குளிசை, இரத்தத்தில் சிரோலிமஸைக் கூட்டிவிடும். வாய்ப்புண், கொழுப்பு ஏறுதல், காயம் ஆறாமை, பழைய காசநோய் மீண்டும் கிளம்பும் அபாயம் எல்லாம் அதற்குப் பின்னால் வருபவை.

கொழும்புக்கென்று இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. சிரோலிமஸ் வெள்ளணுக்களையும் இரத்தத்தட்டுக்களையும் குறைக்கும். காய்ச்சலோடு வருபவருக்கு டெங்கு வாட்டில் நாங்கள் எண்ணிக்கொண்டிருப்பதும் அவற்றைத்தான். "என்ன மருந்து பாவிக்கிறீங்கள்?" என்று கேட்டால் "ஒண்டும் இல்லை டொக்டர்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. வருத்தத்துக்கு எடுப்பதுதான் மருந்து, இது ஆயுளுக்கு எடுப்பது. அந்த ஒரு பதிலால் இரத்த அறிக்கையைப் பிழையாக வாசித்துவிடலாம்.

மெட்போமின் அவ்வளவு கொடியதல்ல. ஆனாலும் சிறுநீரக வடிகட்டல் வீதம் 30க்குக் கீழே இருந்தால் கொடுக்கக்கூடாது. ஆண்டுக்கணக்கில் எடுத்தால் பி12 விற்றமின் குறையும். முதியவர்களுக்கு எடை தூக்கும் பயிற்சி கொடுத்த ஓர் ஆய்வில், மெட்போமின் எடுத்தவர்களுக்குத் தசை குறைவாகவே கூடியது. விழுந்து தொடை எலும்பு முறியாமல் இருக்கத் தசையைச் சேர்க்கும் வயதில் இது சின்ன விடயமல்ல. 2022இல் மருந்துத் தட்டுப்பாட்டைப் பார்த்த நாடு இது. சுகதேகிகள் வாங்கிக் குவித்தால் சீனி வருத்தக்காரருக்கு மிஞ்சுமா என்பதையும் யோசியுங்கள்.

இனி, உண்மையிலேயே ஆயுளைக் கூட்டும் குளிசை. 2018இல் முடிவு வெளியான டிரையம்ஃப் ஆய்வு இலங்கையின் நகர்ப்புற வைத்தியசாலைக் கிளினிக்குகளில் 700 பேரிடம் நடந்தது. ரெல்மிசாட்டன் 20, அம்லோடிபின் 2.5, குளோர்தலிடோன் 12.5 மில்லிகிராம் என்ற மூன்று பிரஷர் மருந்துகளும் ஒரே குளிசையில். ஆறு மாதத்தில் அதை எடுத்தவர்களில் 70 வீதமானோருக்கு பிரஷர் கட்டுப்பாட்டுக்குள் வந்தது; வழமையான சிகிச்சையில் 55 வீதம். எங்கள் ஆட்களிடமே கிடைத்த சான்று. கிளினிக் வரிசையில் நிற்பவரோ இன்னும் தனித்தனிக் குளிசைகளைக் கடதாசி உறையில் வாங்கிக்கொண்டு, ஒன்று இல்லையென்றால் வெளியே வாங்கச் சீட்டோடு போகிறார். கலப்புக் குளிசைகளின் பதிவை விரைவுபடுத்தினால், நீங்கள் கூட்டும் ஆயுள் எந்த 'இளமைக் கிளினிக்' கூட்டுவதையும்விட அதிகமாயிருக்கும்.

(கூடுகிற வருடங்களை எதை வைத்து வாழ்வது என்பது உங்கள் மேசைக்குரிய கேள்வியல்ல, தெரியும். ஆனாலும் ஊழியர் சேமலாப நிதியைப் பெண் 50 வயதிலேயே எடுக்கலாம், ஆண் 55இல். 80ஐத் தாண்டும் பெண்ணுக்கு அந்தக் காசு எத்தனை வருடத்துக்குக் காணும்? மிச்சத்தைச் சுமப்பது பெரும்பாலும் கூடவே இருக்கும் மகள்தான்.)

தடை கேட்கவில்லை. தடை போட்டால் பயணப்பைகள்தான் பெருக்கும். 'ஆயுளை நீட்டும்', 'வயதைப் பின்னால் திருப்பும்' என்று சிங்களம், தமிழ், ஆங்கிலம் எதில் விளம்பரம் செய்தாலும் மனிதரிடம் கிடைத்த சான்றைக் கேளுங்கள்: இறப்பு, மாரடைப்பு, விழுதல், படுக்கையாதல் இவற்றில் எது குறைந்தது என்று. உடல் எவ்வளவு மூத்திருக்கிறது என்று இரத்தத்தை வைத்துக் கணிக்கும் 'உயிரியல் வயது' பரிசோதனைச் சீட்டைச் சான்றாக ஏற்காதீர்கள். ஒரே இரத்த மாதிரியை இருமுறை சோதித்தாலே அவற்றில் சில பல வருட வித்தியாசம் காட்டுகின்றன. சிரோலிமஸ் சீட்டில் எதற்காக எழுதப்படுகிறது என்ற காரணமும் வைத்தியரின் மருத்துவ சபைப் பதிவிலக்கமும் இருக்கட்டும், மருந்தாளர் அதன் பிரதியை வைத்திருக்கட்டும். தொடங்குமுன் முழு இரத்தக் கணக்கீடு, கொழுப்பு, கிரியேட்டினின், நெஞ்சு எக்ஸ்ரே நான்கும் கட்டாயமாகட்டும்.

கடைசியாக, காசில்லாத வேலை ஒன்று. மருந்துப் பக்கவிளைவு அறிக்கைப் படிவத்தில் 'வருத்தம் இல்லாமலே எடுக்கும் குளிசை, சேலைன், சப்ளிமென்ட்' என்று தனியாக ஒரு வரி சேருங்கள். வாட்டில் கேட்கும் கேள்வியும் அதைப் பார்த்து மாறும். தென்மேல் பருவ மழையோடு டெங்கு ஏறுமுன் அந்தப் படிவம் ஆஸ்பத்திரிகளுக்குப் போய்ச் சேர வேண்டும்.

இப்படிக்கு,
கொழும்பின் பாமசிகளிலும் கிளினிக்குகளிலும் முதியோர் பராமரிப்பிலும் பணிபுரியும் சிலர்