கூரை போடும் முன் பிள்ளைகளைக் கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் தோட்டப்புறச் சிறுநகரின் பெரிய சாலையில் உள்ள பழைய பேருந்து நிறுத்தத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறார்கள். நல்ல செய்திதான். ஆனால், இதுவரை யோசனை கேட்கப்பட்டவர்கள் எல்லாரும் கார் வைத்திருப்பவர்கள். என்னையும் கேட்டார்கள், நான் கடைசியாகப் பேருந்து ஏறியது எப்போது என்று எனக்கே நினைவில்லை.

அங்கே அன்றாடம் நிற்பவர்கள் இடைநிலைப்பள்ளி மாணவர்களும் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்து வெளிநாட்டுத் தொழிலாளர்களும்தான். ஏப்ரல், மே மாதங்களிலும் மறுபடி அக்டோபர், நவம்பரிலும் மலேசியாவின் மேற்குக் கரையில் மத்தியானத்துக்குமேல் இடிமழை பிடித்துக்கொள்ளும். பள்ளி விடும் நேரத்தில் அது கொட்டினால் வந்து பாருங்கள். மழைக்கு ஒதுங்கும் மோட்டார் சைக்கிள்கள் நேராகக் கூரைக்குள் நுழைந்துவிடும். பெண்பிள்ளைகள் ஓரத்துக்கு நகர்ந்து, புத்தகப் பையை மார்போடு அணைத்தபடி பாதி நனைந்து நிற்பார்கள். கூரையோ வானத்தைத் தொடும் உயரம். சாரலுக்குத் தடையே கிடையாது. பின்சுவரை விளம்பரப் பலகை அடைத்திருப்பதால், அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்றும் தெரியாது.

பக்கத்து வீட்டுப் படிவம் நான்கு (பதினாறு வயது) மாணவி நோட்டுத்தாளில் கோடு போட்டுக் காட்டினாள். மோட்டார் சைக்கிளுக்குத் தனிச் சாய்ப்பு. பின்சுவரின் மேல்பாதியில் பலகைக்குப் பதில் கம்பிவலை. ‘ட’ எழுத்துப்போல் மடங்கிய இருக்கை. தோழிகளோடு முகம் பார்த்துப் பேசலாம், பேருந்து வருவதும் தெரியும். கார்க்காரர்கள் யாருக்கும் இது தோன்றவில்லை!

சுவீடனின் உமியோ நகரில் பதின்ம வயதுப் பெண்களைக் கேட்டே பூங்காவில் கூரையுள்ள ஓர் இடத்தை அமைத்திருக்கிறார்கள். அவர்களும் எதிரெதிரே உட்காரும் இருக்கையைத்தான் விரும்பினார்களாம். தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் பிள்ளைகளின் கருத்துக்கு மதிப்பளிக்க வேண்டும் என்கிறது ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு. மலேசியா அதில் 1995-இலேயே இணைந்துவிட்டது.

“கிறுக்கி உடைப்பவர்களிடமா யோசனை கேட்பது?” என்று ஒரு பெரியவர் கோபித்துக்கொண்டார். கிறுக்கியவர்களையும்தான் கேட்க வேண்டும் என்பேன். இப்போது இருக்கையாக உள்ள, உட்கார்ந்தால் வழுக்கிவிடும் அந்தச் சரிந்த இரும்புக் குழாயில் வேறென்ன செய்வது?

கட்டுமானக் குத்தகைக்கு விடும் முன், பள்ளித் திடலில் சாக்கட்டியால் நிறுத்தத்தின் முழு அளவையும் வரைந்து, பிள்ளைகளையும் சில மோட்டார் சைக்கிள்களையும் அதற்குள் நிறுத்திப் பார்க்கட்டும். எந்த யோசனையை ஏற்க முடியாது, ஏன் முடியாது என்பதையும் அவர்களிடமே சொல்லட்டும். கட்டி முடித்தபின் தூரிகையைக் கையில் கொடுத்து, “சுவரில் ஓவியம் வரையுங்கள்” என்று சொல்லிவிட்டு அதற்கு இளைஞர் பங்கேற்பு என்று பெயர் வைக்க வேண்டாம்.

தோட்டப்புற வாசகர்,
தென் பேராக்.