கலிங்கில் கட்டிய வலை

கன்னங்குறிச்சி, சேலம்

அன்புள்ள சண்முகம்,

கடிதம் வந்தது. அமெரிக்காவில் உங்கள் ஊர் நகராட்சி வெள்ளத் தடுப்பு வேலைகளுக்காக வாங்கும் ஒவ்வொரு 500 புள்ளிக்கும் எல்லோருக்கும் வெள்ளக் காப்பீட்டு பிரீமியம் 5 சதவீதம் குறையும், 45 வரை போகலாம் என்று எழுதியிருந்தாய். அங்கே அது 1990 முதல் நடப்பது. இங்கே தெருவே திரண்டு சாக்கடை தூர்வாரினாலும் யார் பாலிசியிலும் பைசா குறையாது. ஆனால் வேலை என்னவோ ஒன்றுதான்.

ஏற்காட்டு மலையில் பெய்வது நம் தலையில்தான் இறங்குகிறது. ஒரு ஏக்கரில் 10 செ.மீ. பெய்தால் 4 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் 33 லோடு! ஏரி தாங்காததைக் கலிங்கு வெளியே விட வேண்டும். அங்கேதான் கோளாறு. மீன் தப்பாமலிருக்க வலை கட்டுகிறார்கள். முதல் வெள்ளத்தில் பிளாஸ்டிக் பையும் ஆகாயத்தாமரையும் அதில் அப்பிக்கொள்ளும், வலை சுவராகிவிடும். தண்ணீர் கரைமேல் ஏறி வழிந்தால் மண்கரை அறுந்துபோக அதிக நேரம் ஆகாது. நாலு சொட்டு கூடத் தேங்கட்டும் என்று கலிங்கின்மேல் மணல் மூட்டை அடுக்குவதும் இதே கதைதான். ஐப்பசிக்கு முன் இரண்டையும் எடுத்துவிட வேண்டும்.

அடுத்தது ஓடைக் குழாய். 4 அடிக் குழாய்க்குப் பதில் 2 அடிக் குழாய் இரண்டு பதித்தால் சரியாகிவிடும் என்று கணக்குப் போடுவார்கள். விட்டம் பாதியானால் வாய்ப் பரப்பு கால்வாசி. நாலு பதித்தாலும் உரசலில் கொஞ்சம் குறையத்தான் செய்யும். அள்ளிய சேற்றை அன்றே லாரியில் ஏற்றாவிட்டால் அடுத்த மழையில் அதே சாக்கடைக்குள்.

காப்பீடு: 2021 ஏப்ரலில் வந்த பாரத் கிருஹ ரக்ஷா என்ற வீட்டுக் காப்பீட்டு பாலிசியில் வெள்ளம் தானாகவே அடக்கம். வீட்டுச் சாமானுக்குக் கட்டடக் காப்பீட்டுத் தொகையில் 20 சதவீதம், 10 லட்சம் வரை, தனியே கேட்காமலே கிடைக்கும். கட்டடத் தொகையில் மனை விலையைச் சேர்த்துவிடாதே என்று உன் தம்பியிடம் சொல். திருப்பிக் கட்ட ஆகும் செலவுதான் கணக்கு. மீதிக்கு பிரீமியம் தண்டம்.

தண்ணீரில் நின்ற காரை அவன் ஸ்டார்ட் செய்யவும் வேண்டாம். இன்ஜினுக்குள் தண்ணீர் போய் ராடு வளைந்தால், இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் காப்பீடு போடாத பாலிசியில் பெரும்பாலும் கைவிரித்துவிடுவார்கள். தள்ளிக்கொண்டு போய் மெக்கானிக்கிடம் காட்டட்டும்.

பொங்கலுக்கு வருகிறாயா?

அன்புடன்,
ராஜேந்திரன்