உலூருவில் வீட்டுக்காரர் யார்?

ஆசிரியருக்கு,

ஆஸ்திரேலியாவின் உலூரு பாறை குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான பயணக் கட்டுரை, 2019 அக்டோபர் 26 முதல் அதன்மீது ஏறத் தடை உள்ளதைச் சொன்னதே தவிர, அத்தடையை நெடுங்காலம் கோரிவந்த, அப்பகுதிப் பழங்குடியினரான அனங்கு மக்களே 1985-இல் நிலவுரிமையைத் திரும்பப் பெற்று, அதைத் தேசியப் பூங்காவுக்காக 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டவர்கள் என்பதைச் சொல்லவில்லை. வீட்டுக்காரர் விருந்தினரிடம் வைத்த வேண்டுகோளை அரசின் கெடுபிடியாகக் காட்டுவது சரியன்று.

நான் அங்குச் சென்றபோது, அடிவாரப் பாதையில் சில பகுதிகளைப் படம் எடுக்க வேண்டாம் என்னும் அறிவிப்புப் பலகைகளைக் கண்டேன். ஏறியவர்களின் காலடி பட்டுத் தேய்ந்த தடமோ செந்நிறப் பாறையில் வெளிறிய கோடாக இன்னும் தெரிந்தது. இனி உலூருவின் படங்களை வெளியிடுமுன், அவை அத்தகைய பகுதிகளைச் சேர்ந்தவையா எனப் பூங்கா நிர்வாகத்திடம் கேட்டறியுமாறு வேண்டுகிறேன்.